பெயர் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை: டிஎன்எஸ் வழி வீடியோ அழைப்பு பற்றி

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. பராமரிப்பு வேலைக்காக ஓவேலியில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே அறிவிப்பு வந்துவிட்டது. நான் கவலைப்படவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் சந்தோஷம்கூட. நான் போட்டு வைத்த ஏற்பாடு வேலை செய்வதைப் பார்க்க ஒரு வாய்ப்பு இல்லையா!

ஏற்பாடு இதுதான். ஓவேலியில் ஒரு சின்ன கிளினிக். அங்கே ஒரு வீடியோ கான்ஃபரன்ஸ் சர்வரை நான் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் வாரம் இரண்டு நாள் தன் அறையிலிருந்தே நோயாளிகளைப் பார்ப்பார். அவர் மேசையில் இருப்பது பழைய அறைக் கருவி. யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. கேமரா அருமையானது, புண்ணின் ஓரத்தில் இருக்கும் நிற வித்தியாசம்கூடத் தெரியும். ஆனால் லிங்க் அனுப்பினால் அதற்குத் திறக்கத் தெரியாது. ரிமோட்டில் ஒரு முகவரியைத் தட்டினால் அழைக்கும், அவ்வளவுதான். ஓவேலியில் கரண்ட் போனால் அதே முகவரி கூடலூர் டவுனில் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் இருக்கும் இரண்டாவது இயந்திரத்துக்குத் தானாகப் போகும்படி டிஎன்எஸ்ஸில் எழுதி வைத்திருந்தேன்.

அன்று காலில் சர்க்கரைப் புண்ணோடு ஒரு அக்கா. கொழுந்து பறிக்கிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஜீப்பில் கூடலூர் வரை வந்து உட்கார்ந்திருக்கிறார். கிளினிக் சிஸ்டரும் கூட வந்திருந்தார். பதினொரு மணிக்கு டாக்டர் அழைக்க வேண்டும். திரை கருப்பாகவே இருந்தது. பத்து நிமிடம் கழித்து என் போன் அடித்தது. "என்னப்பா, மூணு தடவை போட்டுட்டேன். ஒண்ணும் போகலையே?"

கூடலூர் இயந்திரத்தின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். மூன்று அழைப்பில் ஒன்றுகூட அங்கே வந்து சேரவில்லை.

"டாக்டர், எத்தனை நேரம் வெயிட் பண்ணீங்க?"

"இருபது செகண்ட் இருக்கும். அதுக்கு மேல யாருப்பா காத்திருப்பாங்க?"

இன்னொரு தடவை போடுங்க, தயவுசெஞ்சு கட் பண்ணாம விடுங்க என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அதற்குப் பிறகுதான் மணி அடித்தது.

இந்தக் குறிப்பு அந்த 32 வினாடியைப் பற்றியது. அது என் கருவியின் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. விதிமுறையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதனால் இதைப் பழுது பார்த்த கதையாக எழுதாமல், அந்த வடிவமைப்பின் மேல் ஒரு விமர்சனமாக எழுதுகிறேன்.

பெயரைத் தட்டினால் அழைப்பு எப்படிப் போகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

மின்னஞ்சல் முகவரி மாதிரியே அழைப்பு முகவரியிலும் ஆள் பெயர், அட் குறி, அதன் பின் ஒரு டொமைன் இருக்கும். கருவி அந்த டொமைனை எடுத்துக்கொண்டு டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறது: "இந்த டொமைனுக்குச் சிப் அழைப்புகளை வாங்குகிற இயந்திரம் எது?" இந்தக் கேள்விக்கென்றே எஸ்ஆர்வி என்று ஒரு பதிவு வகை இருக்கிறது. அதில் நான்கு விவரங்கள்: முன்னுரிமை, எடை, போர்ட் எண், இயந்திரத்தின் பெயர். முன்னுரிமை எண் எது சிறியதோ அதை முதலில் முயல வேண்டும். ஒரே முன்னுரிமையில் பல இயந்திரங்கள் இருந்தால் எடையைப் பொறுத்துப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சாதாரணச் சிப்புக்கு வழக்கமான போர்ட் 5060, மறையாக்கம் செய்ததற்கு 5061. பழைய எச்.323 கருவிகளுக்குத் தனிப் பதிவுகள் உண்டு, போர்ட் 1719, 1720. நான் எழுதியது இரண்டே வரி. ஓவேலி இயந்திரத்துக்கு முன்னுரிமை 10, கூடலூர் இயந்திரத்துக்கு 20.

எஸ்ஆர்வியின் விதி ஆர்எஃப்சி 2782, பிப்ரவரி 2000. அதைச் சிப் அழைப்புக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்வது ஆர்எஃப்சி 3263, ஜூன் 2002. எழுதியவர்கள் ஜோனதன் ரோசன்பர்க், ஹென்னிங் ஷுல்ஸ்ரின். சிறிய ஆவணம்தான். நிதானமாகப் படித்தால் ஒரு மாலைப் பொழுது போதும். படிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் தோன்றும். நானும் தலையாட்டிக்கொண்டேதான் படித்தேன்.

குறை சொல்வதற்கு முன் இதன் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நியாயமில்லை.

ஓவேலி என்கிற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே காப்பித் தோட்டம் போட்ட ஜேம்ஸ் ஆக்டர்லோனி என்பவரின் பெயர் பள்ளத்தாக்குக்கு வந்தது. அவ்வளவு நீளமாக யார் சொல்வார்கள்? முதல் எழுத்தும் 'வேலி'யும் மட்டும் மிஞ்சின. காப்பி போய் தேயிலை வந்தது, கம்பெனிகள் கைமாறின, மனிதர்கள் மாறினார்கள். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள், கேரளத்திலிருந்து ஏறி வந்தவர்கள், எல்லோருக்கும் முன்பிருந்தே இருக்கும் பழங்குடிகள் என்று இன்றைய ஓவேலிக்கும் அந்தத் துரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பெயரைச் சொன்னால் பஸ் சரியான இடத்துக்குத்தான் வருகிறது. உள்ளே இருப்பது மாறலாம், பெயர் மாற வேண்டியதில்லை. டிஎன்எஸ் தருவது இந்த வசதியைத்தான்.

எஸ்டேட் லைனுக்குக் கடிதம் வந்ததை நினைத்துப் பார்த்தாலும் இது புரியும். உறையில் எஸ்டேட் பெயரும் ஆள் பெயரும் இருந்தால் போதும். குடும்பம் கீழ் டிவிஷனிலிருந்து மேல் டிவிஷனுக்குப் போயிருந்தாலும் ஆபீஸில் இருப்பவருக்குத் தெரியும். அனுப்பியவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கிளினிக்கின் இணைய இணைப்பை மாற்றினோம். ஐபி முகவரி முழுக்க வேறாகிவிட்டது. டிஎன்எஸ்ஸில் ஒரு வரி திருத்தினேன். டாக்டரிடம் சொல்லவே இல்லை, அவரும் கேட்கவில்லை. அவர் மேசையில் ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்த அதே பெயர் அடுத்த வாரமும் வேலை செய்தது. அந்தக் காகிதத்தை நான் மதிக்கிறேன். பெயரை எழுதி ஒட்டலாம், போனில் சொல்லலாம், ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். நாற்பது எழுத்து லிங்க்கை வைத்துக்கொண்டு அப்படிச் செய்ய முடியுமா?

(பெயர் என்றதும் ஒரு பக்கக் கதை. ஆங்கிலத்தில் ஓவேலிக்கு முதல் எழுத்தின் பின்னால் ஒரு மேற்குறி உண்டு. டொமைன் பெயரில் அது செல்லாது. எழுத்தும் கோடும் எண்ணும் மட்டும்தான். மேற்குறியை எடுத்துவிட்டால் 'ஓ வாலி' என்று ஒருவர் தட்டுகிறார், 'ஓவேலி' என்று உச்சரிப்பை வைத்து இன்னொருவர் தட்டுகிறார். கடைசியில் இரண்டு டொமைன் வாங்கினோம். வருடா வருடம் இரண்டுக்கும் பணம் கட்டுகிறோம்.)

சரி, இனி குறை.

எஸ்ஆர்வி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 32 வினாடியின் கதை புரியும். மின்னஞ்சலுக்கு 1986இலேயே எம்எக்ஸ் என்று ஒரு பதிவு வந்துவிட்டது. ஆர்எஃப்சி 974, கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதியது. இந்த டொமைனின் கடிதத்தை வாங்கும் இயந்திரம் எது, அது இல்லாவிட்டால் அடுத்தது எது என்று சொல்வது. எஸ்ஆர்வி அதையே எல்லாச் சேவைகளுக்கும் பொதுவாக்கியது. அதே வரிசை எண், முதலாவது கிடைக்காவிட்டால் அடுத்ததுக்குப் போ என்கிற அதே முறை. எம்எக்ஸ் நன்றாக வேலை செய்தது, அதனால் இதுவும் செய்யும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான்.

ஆனால் கடிதம் காத்திருக்கும். நான் மின்னஞ்சலை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகிறேன். என் சர்வர் எதிர் சர்வரைத் தட்டுகிறது, பதில் இல்லை, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டுகிறது. நான்கைந்து நாள் வரை இப்படி முயன்றுவிட்டுத்தான் கைவிட வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்தக் காத்திருப்பில் மனிதன் இல்லை. எதிர் சர்வர் செத்துவிட்டதா, மூச்சு விடுகிறதா என்று டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. ஆனால் அஞ்சலில் அந்த அறியாமை யாருக்கும் வலிக்காது.

அழைப்பில் மனிதன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரில் இன்னொரு மனுஷி காலைத் தூக்கிப் பலகையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த இயந்திரத்துக்கு எப்போது போகலாம் என்பதற்கு ஆர்எஃப்சி 3263 சொல்வது இதுதான்: முதல் இயந்திரம் 503 என்று பதில் தர வேண்டும், அல்லது இணைப்பே தோற்க வேண்டும், அல்லது பதில் வராமல் நேரம் முடிய வேண்டும். கரண்ட் போன இடத்திலிருந்து 503 வராது. இணைப்பைத் திட்டவட்டமாக மறுக்கவும் அங்கே யாரும் இல்லை. மிஞ்சுவது நேரம் முடிவது. அந்த நேரம் எவ்வளவு? சிப்பின் அடிப்படை விதியான ஆர்எஃப்சி 3261இல் இருக்கிறது. அடிப்படை அளவு அரை வினாடி, அதன் 64 மடங்கு. அதாவது 32 வினாடி.

ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு இணையதளத்துக்கு இரண்டு முகவரி இருந்து, முதலாவதில் பதில் வரத் தாமதமானால் பிரவுசர் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும்? 2017இல் வந்த ஆர்எஃப்சி 8305 பரிந்துரைப்பது 250 மில்லி வினாடி, அதாவது கால் வினாடி. அதற்குள் பதில் இல்லையென்றால் முதலாவதைக் கைவிடாமலேயே இரண்டாவதையும் முயலத் தொடங்கிவிடும். கால் வினாடிக்கும் 32 வினாடிக்கும் 128 மடங்கு வித்தியாசம். வலைப்பக்கம் படிக்கிறவனின் பொறுமையை இவ்வளவு நுட்பமாக அளந்த உலகம், அழைப்புக்கு மட்டும் அஞ்சலின் பொறுமையை அப்படியே விட்டுவிட்டது.

நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பல கருவிகளில் முடியும். ஆனால் குறைக்க வேண்டியது அழைக்கிறவரின் கருவியில். என் பெரிய குறை இதுதான். பழுது ஓவேலியில், அமைப்பை மாற்ற வேண்டியது கோயம்புத்தூரில். நாளைக்கு வேலூரிலிருந்து இன்னொரு டாக்டர் அழைத்தால் அவர் கருவியிலும் மாற்ற வேண்டும். பெயரின் சொந்தக்காரர் நான், ஆனால் என் வீட்டில் ஆள் இல்லாதபோது விருந்தாளியை எத்தனை நேரம் வாசலில் நிறுத்துவது என்று முடிவெடுப்பது நான் இல்லை. பெயரை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு, அது பொய்யாகிற நேரத்தைச் சமாளிக்கும் அதிகாரத்தை அடுத்தவர் கையில் வைத்த வடிவமைப்பு இது.

டெல்லியிலோ பெங்களூரிலோ ஒரு டேட்டா சென்டரில் உட்கார்ந்திருக்கும் சர்வருக்கு இது ஒரு குறையே இல்லை. அது விழுவது வருடத்தில் ஒருமுறை. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுவதும், கேபிள் போவதும் வாரக் கணக்கில் நடக்கிற இடத்துக்குத்தான் இரண்டாவது வரி தேவை. பிரிவு 17 நிலச் சிக்கலில் மாட்டி, கரண்ட் இணைப்புக்கே வருடக்கணக்கில் அலைந்த வீடுகள் இருக்கிற பள்ளத்தாக்கு இது. யாருக்கு மாற்று வழி அதிகம் தேவையோ அவர்களிடத்தில் அது வேலை செய்வதில்லை. கிளினிக்கில் இன்வெர்ட்டர் இல்லையா என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. இணைப்பு வரும் பாதையில் உள்ள பெட்டிக்குக் கரண்ட் இல்லையே!

இன்னொரு கூத்தும் நடந்தது. கிளினிக்கிலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஒரு துணை மையம். இரண்டுக்கும் இடையே நேரடி வைஃபை இருக்கிறது. ஒருநாள் வெளி இணைப்பு அறுந்தது. உள்ளுக்குள் எல்லாம் நலம், ஆனால் துணை மையத்திலிருந்து கிளினிக்கை அழைக்க முடியவில்லை. ஏன்? கிளினிக்கின் பெயரைச் சொல்லி முகவரி கேட்க வேண்டிய டிஎன்எஸ் சர்வர் வெளியே எங்கேயோ இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற பக்கத்து வீட்டுக்குப் போக, வழியைக் கடல் தாண்டி விசாரிக்கிற மாதிரி. கிளினிக்கிலேயே ஒரு சின்ன டிஎன்எஸ் சர்வர் வைத்து உள்ளே ஒரு பதில், வெளியே ஒரு பதில் என்று பிரித்தேன். அது வேறு தலைவலியைக் கொண்டுவந்தது: வெளியே வாங்கிய பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொண்டே உள்ளே வரும் போன்கள்.

ஞாபகம் என்றதும் என் சொந்த மடத்தனம் ஒன்று. எஸ்ஆர்வி பதிவை எழுதுவதற்கு முன்பே, வருகிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். "இல்லை" என்று பதில். பிறகு எழுதினேன். மறுபடி கேட்டேன். "இல்லை." எழுத்துப் பிழையா என்று பாதி ராத்திரி தேடினேன். டிஎன்எஸ் 'உண்டு' என்பதை மட்டுமல்ல, 'இல்லை' என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஆர்எஃப்சி 2308 அதற்கான விதி. எவ்வளவு நேரம் என்பது நம் டொமைனின் தலைப்புப் பதிவில் இருக்கும் கடைசி எண்ணைப் பொறுத்தது. என்னுடையதில் 86400. ஒரு நாள் முழுக்க. பிறக்காத குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வரலையே என்று அழுத கதை. புதிதாகச் செய்கிறவர்கள் முதலில் எழுதுங்கள், பிறகு கேளுங்கள்.

டிஎன்எஸ் வேலை செய்தாலும் அழைப்பு வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எஸ்ஆர்வி காட்டும் இயந்திரம் வெளியுலகிலிருந்து எட்டக்கூடிய பொது ஐபியில் இருக்க வேண்டும். நம் ஊர் வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து நிலையான ஐபி வாங்கினாலும், மணி அடிக்கும், எடுப்பீர்கள், படம் வராது. அழைப்பின் சமிக்ஞைக்குள் கருவி தன் உள்வீட்டு முகவரியை எழுதி அனுப்பியிருக்கும், எதிராளி அந்த முகவரிக்குப் படத்தை அனுப்பிக்கொண்டிருப்பார். இதில் டிஎன்எஸ்ஸுக்குச் சம்பந்தமே இல்லை, ஆனால் பயனருக்கு எல்லாம் ஒன்றுதான். "போகல."

அப்புறம், கதவைத் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் வரலாம். 5060ஐத் திறந்த அன்று ராத்திரியே 100 என்ற எண்ணிலிருந்தும் 1000 என்ற எண்ணிலிருந்தும் அழைப்பு மேல் அழைப்பு. யாரும் பேசவில்லை, வெறும் மணி. 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட மென்பொருள். சிப்விஷியஸ் என்ற சோதனைக் கருவி இயல்பாகத் தரும் பெயர் அது. நட்புதான்! "ராத்திரி ரெண்டு மணிக்கு மிஷின் தானா அடிக்குதுண்ணா, வார்டுல பாட்டி பயந்துட்டாங்க" என்றார் சிஸ்டர். நல்லவேளை, தானாக எடுக்கும் வசதியை அணைத்து வைத்திருந்தேன். 2012 ஜனவரியில் எச்.டி. மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இணையத்தின் ஒரு சிறு பகுதியைத் துழாவி, அழைத்தால் தானாக எடுத்துக்கொள்ளும் கூட்ட அறைகளை ஆயிரக்கணக்கில் கண்டுபிடித்துக் காட்டினார். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாமல் கேமராவைத் திருப்பிப் பார்க்கலாம். நோயாளியின் காலைக் காட்டுகிற கேமரா என்றால் யோசித்துப் பாருங்கள்.

இத்தனையும் சேர்ந்து, பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டன. கூகுள் டாக் 2006 ஜனவரியில் மற்ற சர்வர்களோடு பேசத் தொடங்கியது. இதே எஸ்ஆர்வி பதிவுகளை வைத்துத்தான். 2013இல் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்த வழி அடைபடத் தொடங்கியது. ஃபேஸ்டைமைத் திறந்த தரநிலையாக்குவோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஜூனில் மேடையில் சொன்னார்; நடக்கவில்லை. நம் நாட்டில் இன்னொரு முட்டுக்கட்டை. தொலைபேசி எண்ணையே டிஎன்எஸ் பெயராக மாற்றும் ஈனம் என்று ஒரு முறை உண்டு. கூடலூரின் 04262ஐ நாட்டு எண்ணோடு சேர்த்துத் தலைகீழாக்கி, இலக்கத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் இரண்டு, ஆறு, இரண்டு, நான்கு, ஒன்று, ஒன்பது என்று ஒரு டொமைன் வரும். அழகான யோசனை. இங்கே 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசிக்கு அனுமதி வந்தபோதே, தொலைபேசி எண்ணை ஐபி முகவரியாக மொழிபெயர்க்கக் கூடாது என்று இணையச் சேவை உரிமத்தில் எழுதிவிட்டார்கள். 2017இல் டிராய் பரிந்துரைத்து, 2018இல்தான் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழியாக இணைய அழைப்புக்கு வழி தெளிவானது. அதற்குள் எல்லோரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டோம்.

லிங்க் முறை ஏன் ஜெயித்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது. லிங்க்கில் இரண்டு பக்கமும் வெளியே போகிறார்கள், நடுவில் ஒரு கம்பெனியின் வீட்டில் சந்திக்கிறார்கள். யாரும் தன் கதவைத் திறக்க வேண்டாம். எதிராளி வந்திருக்கிறாரா இல்லையா என்பது அந்த வீட்டுக்காரருக்கு உடனே தெரியும். டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாமல் போனது அதுதான். விலை என்னவென்றால், பெயர் நம்முடையது இல்லை. கம்பெனி விதியை மாற்றினால் நாமும் மாற வேண்டும்.

இதற்கு நடுவில் ஒரு வழி உண்டா என்று தேடும்போது தேனி ஞாபகம் வந்தது. 2005 வாக்கில் தொடங்கி, அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டியர் குழுவும் சேர்ந்து, தேனி மருத்துவமனையையும் சுற்றியுள்ள கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தூர வைஃபை வழியாக இணைத்தார்கள். சில இணைப்புகள் 15 கிலோமீட்டர் வரை. கிராமத்து மையத்தில் நோயாளி உட்கார, டாக்டர் தேனியிலிருந்து வீடியோவில் பார்ப்பார். 2008இல் அந்தக் குழு எழுதிய கட்டுரையை, கிராமப்புறத்தில் எதையாவது நிறுவ ஆசைப்படும் எல்லோரும் படிக்க வேண்டும். வேகம், தொழில்நுட்பம் பற்றிய பெருமை அதில் குறைவு. கெட்ட மின்சாரம் கருவிகளை எப்படிக் கொன்றது, யார் ஏறிப் பார்த்தார்கள், உள்ளூர் ஆட்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதே அதிகம். அதில் என்னை நிறுத்திய இடம் ஒன்று: தூரத்திலிருந்து கருவிகளைக் கவனிக்க, வெளியிலிருந்து உள்ளே நுழைய முயலாமல், உள்ளே இருக்கும் இயந்திரமே அவ்வப்போது வெளியே கூப்பிட்டுத் தன் நிலையைச் சொல்லும்படி செய்திருந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வராவிட்டால் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

அதையே அழைப்புக்கும் செய்தேன். மாதம் சில நூறு ரூபாய்க்கு வெளியே ஒரு சின்ன இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தேன். எஸ்ஆர்வியில் இப்போது முன்னுரிமை 10 அதற்கு. ஓவேலி இயந்திரமும் கூடலூர் இயந்திரமும் அதனிடம் போய்த் தங்களைப் பதிவு செய்துகொள்கின்றன. நிமிடத்துக்கு ஒருமுறை "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடும். டாக்டர் அழைத்தால் வாடகை இயந்திரம் உடனே பதில் தரும். ஓவேலி இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் கூடலூருக்கு, இரண்டும் இல்லாவிட்டால் 480, தற்போது கிடைக்கவில்லை. எல்லாம் ஓரிரு வினாடிக்குள். கிளினிக்கில் திறந்த கதவு எதுவும் இல்லை, ராத்திரி மணியும் நின்றது. துணை மையத்திலிருந்து வரும் உள் அழைப்புகள் மட்டும் வாடகை இயந்திரத்துக்குப் போகாமல் உள்ளேயே முடிந்துவிடும்.

இதில் ஒரு தோல்வியும் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். நடுவில் ஒரு வீடு வேண்டும் என்று லிங்க் கம்பெனிகள் சொன்னதைத்தான் கடைசியில் நானும் செய்திருக்கிறேன். வித்தியாசம், அந்த வீட்டை நாளைக்கே காலி செய்துவிட்டு வேறு இடத்துக்குப் போனாலும் டாக்டர் மேசையிலுள்ள காகிதம் மாறாது. டிஎன்எஸ்ஸுக்கு எது தெரியுமோ அதை மட்டும் அதனிடம் கேட்கிறேன்: எந்த ஊர் என்று. ஆள் வீட்டில் இருக்கிறாரா என்று அதனிடம் கேட்டது என் தப்பா, ஆர்எஃப்சி 3263இன் தப்பா என்று கேட்டால், பாதிக்கு மேல் அதன் தப்புதான் என்பேன். வரிசை எண் கொடுத்து, மாற்று இயந்திரம் இருக்கிறது என்று நம்பிக்கை ஊட்டியது அதுதானே?

ஆகஸ்டில் மறுபடி ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. சிஸ்டர் அதே அக்காவோடு கூடலூர் வந்தார். டாக்டர் அழைத்தார், மூன்றாவது வினாடியில் திரையில் தெரிந்தார். புண் ஆறிக்கொண்டு வருகிறது, ஆனால் கட்டு மாற்றும் விதம் சரியில்லை என்று சிஸ்டரைத் திட்டினார். அக்காவுக்கு அன்றைய கூலி போனது போனதுதான், அதற்கு என்னிடம் எந்தப் பதிவு வகையும் இல்லை.

வாடகை இயந்திரத்தின் சான்றிதழை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அதில் இயந்திரத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, டாக்டர் தட்டுகிற டொமைனும் இருக்க வேண்டும். ஆர்எஃப்சி 5922 அப்படிச் சொல்கிறது. போன தடவை அதை மறந்து இரண்டு நாள் போனது. இந்தத் தடவை இரண்டு டொமைனையும் சேர்த்துப் போட வேண்டும், 'ஓ வாலி'யையும்.